மூதாதையும் பேரேடும்: அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' பற்றிய ஒரு மறுநோக்கு

அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' 1976ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. அந்நாடு தனது சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாவது ஆண்டை விழாவெடுத்துக் கொண்டாடிய ஆண்டு அது. அடுத்த ஆண்டு சனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான அதன் தொலைக்காட்சி வடிவத்தின் இறுதிப் பகுதியைப் பத்துக் கோடி மக்களளவில் பார்த்தனர் என்பர். 1977இல் விசேட புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தது. தமிழ் வாசகர் பலர் 'ஏழு தலைமுறைகள்' என்ற சுருக்க வடிவின் வாயிலாகவே இதனை அறிவர். அடிமை முறையின் கொடூரத்தை இவ்வளவு பரந்த வாசகர் கூட்டத்தின் முன் நிறுத்திய நூல் வேறில்லை என்ற கூற்றிலே பெருமளவு உண்மையுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஹேலி தமது நூலை நாவல் என்று மட்டும் முன்வைத்தவரல்லர். உரையாடல்களும் நிகழ்ச்சி விவரங்களும் புனைவு எனினும் வமிசத் தொடர் உண்மையானது, அது வாய்மொழி மரபாலும் எழுத்தாவணங்களாலும் நிறுவப்பட்டது என்பதே அவரது உரிமைகோரல். நூலின் இறுதி அத்தியாயங்கள் அந்த நிறுவலின் கதையாகவே அமைந்துள்ளன. அந்த நிறுவல் சில ஆண்டுகளுக்குள் தகர்ந்தது. தகர்ந்தபோது எழுந்த எதிர்வினைகள் இருவகைப்பட்டன. மரபுவழி வரலாற்றாசிரியருட் பலர் நூலையே ஒதுக்கினர். அவருட் சிலருக்கு இது, அடிமைகளின் வழிவந்தோர் கூறும் எதையும் நம்பலாகாது என்னும் பழைய முடிவுக்குக் கிடைத்த புதிய ஆதாரமாயிற்று. நூலின்மீது பற்றுக் கொண்டோரோ, தரவு பிழைத்தாலென்ன, குன்டா கின்டே ஒரு குறியீடு, குறியீட்டு உண்மையே பெரிய உண்மை என்று வாதிட்டனர். நம்மவரிடையே கூடுதலாகக் கேட்பது இந்த இரண்டாவது குரலே. இரண்டும் தவறானவை என்பதே நமது கருத்து. இரண்டாவது தவறு நமக்கு நெருக்கமானதாகையால் அதனைக் கூடுதலாக ஆராய்தல் வேண்டும்.

முதலில் ஹேலிக்குக் கிடைத்த முதுசொம் யாது என்பதைப் பார்ப்போம். ரெனெசி மாநிலத்தின் ஹெனிங் என்னும் சிற்றூரில், பாட்டி சிந்தியாவின் வீட்டு முன்விறாந்தையில், பாட்டியும் அவரது உறவுப் பெண்களும் கூடியிருந்து கூறிய கதை அது. 'ஆபிரிக்கன்' எனப்பட்ட ஒரு மூதாதை. தன் பெயர் கின்டே என்பான். கிற்றார் போன்ற வாத்தியத்தைக் 'கோ' என்பான். வேர்ஜினியாவில் ஓடிய ஆற்றைக் காட்டிக் 'காம்பி பொலொங்கோ' என்பான். மேளம் செய்ய மரம் வெட்டச் சென்றவிடத்துப் பிடிபட்டான். 'நப்லிஸ்' என்ற இடத்தில் இறக்கப்பட்டான். எசமான் இட்ட பெயர் ரோபி. நான்கு முறை தப்பியோடிப் பாதம் வெட்டப்பட்டான். அவனது மகள் கிசி விற்கப்பட்டு வட கரோலைனாவுக்குப் போனாள். அவள் மகன் ஜோர்ஜ், ஜோர்ஜின் மகன் கொல்லனாகிய ரொம், அவரது மகளே பாட்டி சிந்தியா. இதுவே மரபு. சிலவரிகளில் அடங்கிவிடும் இதனை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ஒரு குடும்பத்தின் பெண்கள் காவிவந்துள்ளனர் என்பது எவ்வகையிலும் வியப்புக்குரியது.

இச்சொற்களைக் கொண்டு வாய்மொழி மரபு ஆய்வாளரான ஜான் வான்சினாவை ஹேலி அணுகினார். அவை மண்டிங்கா மொழிச் சொற்களாகலாம் என்றும், 'பொலொங்கோ' ஆறென்றும், குறிக்கப்பட்டது காம்பியா நதியாதல் கூடும் என்றும் அவர் தெரிவித்தார். 1967இல் காம்பியாவின் ஜுபூரே கிராமத்தில் கெபா பொபானா என்ற முதியவர் கின்டே வமிசத்தின் வரலாற்றை உரைத்தார். அரசனின் படைகள் வந்த காலத்தில், ஒமோரோவின் மூத்த மகன் குன்டா மரம் வெட்டப் போனவன் திரும்பவில்லை என்ற செய்தி அதில் இருந்தது. ஹேலி இதனைத் தம் பாட்டியின் கதையோடு இணைத்தார். படைகள் என்பதை 1767இல் ஜேம்ஸ் கோட்டைக்கு அனுப்பப்பட்ட கேணல் ஓஹேரின் படையெனக் கொண்டார். பின்னர் கப்பற் பதிவுகளைத் தேடி 'லோர்ட் லிகோனியர்' என்ற கப்பலைக் கண்டார். 1767 யூலை 5இல் காம்பியாவிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் செப்டெம்பர் 29இல் அன்னபொலிசை அடைந்தது. யானைத் தந்தம், தேன்மெழுகு, பஞ்சு, பொன் ஆகியவற்றோடு 140 அடிமைகளும் அதன் சரக்குப் பட்டியலில் இருந்தனர். கரை சேர்ந்தோர் 98. இறுதியாக வேர்ஜினியாவின் ஸ்பொற்சில்வேனியாப் பகுதியில் ஓர் உறுதி கிடைத்தது. 1768 செப்டெம்பர் 5ஆந் திகதியிட்ட அவ்வுறுதிப்படி ஜோன் வோலர் என்பவர் தம் சகோதரர் வில்லியம் வோலருக்குக் காணியும் பொருட்களும், அவற்றோடு ரோபி என்னும் பெயருடைய நீக்கிரோ அடிமையொருவரையும் கைமாற்றினார். பாட்டியின் கதை, ஆபிரிக்க முதியவரின் கதை, கப்பற் பதிவு, காணி உறுதி ஆகிய நான்கும் ஒரே புள்ளியிற் சந்தித்தன. நூலின் உணர்ச்சி உச்சம் இச்சந்திப்பே.

நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன போலத் தோன்றினும் உண்மையில் ஒவ்வொன்றும் மற்றையதனைக் கடன்கொண்டே நின்றது. முதியவரின் கூற்றிற் கால எண் இல்லை. அதனைக் கப்பல் தந்தது. கப்பலிற் பெயர் இல்லை. அதனை உறுதி தந்தது. உறுதியில் ஆபிரிக்கன் என்ற சொல் இல்லை. அதனைப் பாட்டி தந்தார். கடனைத் திருப்பிக் கேட்டோர் வந்தபோது கணக்கு முறிந்தது.

முதலில் 1977 ஏப்பிரலில் இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழில் மார்க் ஒற்றவே எழுதிய கட்டுரை, பொபானா பரம்பரைக் கதைஞராகிய 'கிரியோ' அல்லர் என்றும், ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பதை முன்னரே அறிந்திருந்தார் என்றும் காட்டியது. 1981இல் ஆபிரிக்க வரலாற்றாய்வாளர் டொனால்ட் றைற் அப்பகுதியிலே தாம் செய்த களவாய்வினைக் கொண்டு அதே ஐயத்தை வலுப்படுத்தினார். அதே ஆண்டு குலமரபு ஆய்வாளரான கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் ஆகிய இருவரும் வேர்ஜினியா ஆவணங்களை மீள வாசித்து வெளியிட்ட கட்டுரையே மிகக் கடுமையான அடியாயிற்று. வோலர் குடும்பத்தின் ரோபி 1762ஆம் ஆண்டளவிலேயே பதிவுகளிற் காணப்படுகிறான். 'லோர்ட் லிகோனியர்' வந்ததோ அதற்கு ஐந்து ஆண்டுகள் கழிந்தபின். 1782க்கு முன்னரே அவன் பெயர் பதிவுகளினின்றும் மறைந்துவிடுகிறது; அவனது மகளெனப்பட்ட கிசி பிறந்ததாக நூல் கூறும் ஆண்டு 1790. கிசியின் பெயர் வோலர் ஆவணங்களில் இல்லவே இல்லை. ஹேலி ஓர் ஆவணத்தைக் கண்டதும் தேடலை நிறுத்திக்கொண்டார். அதன் முன்னும் பின்னும் இருந்தவற்றைத் தேடியிருப்பின் தமது மூதாதையை அவ்விடத்தில் இழந்திருப்பார்.

இதற்கிடையில், ஹரோல்ட் கூர்லண்டரின் 'ஆபிரிக்கன்' என்ற 1967ஆம் ஆண்டு நாவலிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டமை தொடர்பான வழக்கு 1978இல் இணக்கத்தில் முடிந்தது. ஹேலி 650,000 டொலர் செலுத்தினார். இதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. குடும்ப மரபு மௌனமான இடங்களை நிரப்பப் பிறரது நாவல் தேவைப்பட்டது என்பது மாத்திரம் மனங்கொள்ளத்தக்கது.

பொபானாவைப் பொய்யர் என்பது எளிது, சரியன்று. வாய்மொழிக் கதைஞன் மனப்பாடம் செய்த ஏட்டை ஒப்புவிப்பவனல்லன் என்பதைத் தமிழ் வாசகருக்குப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் வாய்மொழி அடிப்படையை ஆராய்ந்து கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் நம்மிடையே நன்கு அறியப்பட்டது. நிலையான வாய்பாடுகளைக் கொண்டு, கேட்போர் முன்னிலையில், கேட்போரின் தேவைக்கேற்ப ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்குவதே வாய்மொழிக் கலையின் இயல்பு. கடல்கடந்து வந்த ஒருவர் தம் மூதாதையைக் கேட்டு நிற்கையில், கதை அவரை நோக்கி வளைவது இயற்கை. குறை கதைஞனிடத்து அன்று; அந்த வளைவைச் சான்றாக எண்ணிய ஆய்வாளரிடத்தே உள்ளது.

அவ்வாறெனில் எழுத்தாவணம் மாத்திரம் வளையாததா? இவ்விடத்திலேதான் நாம் ஹேலியின் விமரிசகர்களைக் கடந்து செல்லவேண்டியுள்ளது. மில்ஸ் இருவரின் முடிவை நாம் ஏற்கிறோம். ஆயின் அவர்கள் சான்றாகக் கொண்ட உறுதிகளும் வரிப்பட்டியல்களும் மரணசாதனங்களும் யாரால், எதன்பொருட்டு எழுதப்பட்டன என்ற வினா எஞ்சியுள்ளது. 1662இல் வேர்ஜினியாச் சட்டசபை, பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும் என்று விதித்தது. எசமானனுக்குப் பிறந்த பிள்ளையும் அதனால் எசமானனின் சொத்தாயிற்று. ஆகவே பேரேட்டில் தாயின் பெயர் வேண்டும். தந்தையின் பெயர் வேண்டியதில்லை. சில வேளைகளில் அது எழுதப்படாதிருப்பதே வசதி. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிசனமதிப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணைகள் இருந்தன. அவற்றிற் பெயருடையவர் எசமானர் மட்டுமே. அடிமைகள் வயது, பால், நிறம் என்ற நிரல்களில் அடங்கினர். விடுதலை பெற்றோர் பொதுவாகத் தம் பெயரோடு கணக்கெடுக்கப்பட்ட முதற் குடிசனமதிப்பு 1870ஆம் ஆண்டினது. அதற்கு அப்பாற் செல்ல விழையும் எவரும் தம் மூதாதையரைத் தேடுமுன் மூதாதையரின் உடைமையாளரைத் தேடியாக வேண்டும்.

பிரெடெரிக் டக்ளஸ் தமது பிறந்த நாளை அறியாதவராகவே 1895இல் இறந்தார். 1845இல் வெளியான சுயசரிதையின் தொடக்கத்திலேயே அக்குறையை அவர் எழுப்புகிறார். பிற்காலத்தில் தாம் 1817இற் பிறந்ததாகக் கணித்துக்கொண்டார். அவரது முதல் எசமானாகிய ஆரன் அந்தொனியின் பேரேட்டிலோ 1818 பெப்ருவரி என்று எழுதப்பட்டிருந்தது. டிக்சன் பிறெஸ்ரன் 1980இல் வெளியிட்ட நூலே அதனைப் பலரறியச் செய்தது. தன் காலத்தின் தலைசிறந்த பேச்சாளனாகிய ஒருவன் தன்னைப்பற்றி அறியாததை அவனது எசமானின் கணக்கேடு அறிந்திருந்தது. பேரேடு இவ்விடத்திற் பொய் கூறவில்லை. அடிமையின் வயது விலையைத் தீர்மானிப்பதாகையால் அதற்குச் சரியான திகதி தேவைப்பட்டது. எங்கு சொத்துறவுக்கு உண்மை தேவையோ அங்கு ஆவணம் துல்லியமாகவும், எங்கு அது தீங்கோ அங்கு ஊமையாகவும் இருக்கும். ரோபி எந்த ஆண்டில் எவனது உடைமை என்பதில் வோலர் குடும்பத்து ஏடுகளை நம்பலாம். அவன் எந்த ஊரினன், தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டான் என்பவற்றை அவ்வேடுகளிடம் கேட்பதிற் பயனில்லை.

ஆவணமும் வாய்மொழியும் முரண்படும்போது எதனை ஏற்பது என்ற வினாவுக்கு, ஹேலியின் வழக்கைவிடப் பயன்மிக்க வழக்கொன்று அமெரிக்க வரலாற்றிலேயே உண்டு. 1873 மார்ச்சில் ஒஹாயோ மாநிலப் பத்திரிகையொன்றில், மடிசன் ஹெமிங்ஸ் என்ற முதிய தச்சுத் தொழிலாளி தம் வரலாற்றைக் கூறினார். தம் தந்தை முன்னாட் சனாதிபதி தோமஸ் ஜெபர்சன். தாய் அவரது அடிமையாகிய சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் இதனை மறுத்தனர். மறுத்தவர்களும் தமக்குள் ஒத்துப்போகவில்லை: ஒருவர் கூற்றுப்படி சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்சனின் சகோதரியின் மகன் பீற்றர் கார், மற்றொருவர் 1858இல் எழுதிய கடிதப்படி பீற்றரின் சகோதரன் சாமுவேல் கார். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு கூற்றுக்களையும் ஏற்ற வரலாற்றாசிரியர்கள், முரணற்றுத் தெளிவாக அமைந்த மடிசனின் கூற்றை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒதுக்கினர். ஜெபர்சனின் சொந்தப் பண்ணையேட்டில் சாலியின் பிள்ளைகள் பிறந்த நாட்கள் உள்ளன. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்பது மாதங்களுக்கு முன் ஜெபர்சன் மொன்ரிசெல்லோவில் இருந்தார் என்பது அவரது பயண நாட்களைக் கோத்துப் பார்த்தபோது புலனாயிற்று. 1997இல் அனெற் கோர்டன்-றீட் என்ற சட்ட அறிஞர், வரலாற்றாசிரியர்கள் இரு தரப்புச் சாட்சியங்களுக்கும் வெவ்வேறு தராசுகளைப் பயன்படுத்தியமையை வரிவரியாக எடுத்துக்காட்டினார். 1998இன் மரபணுச் சோதனையில் மடிசனின் தம்பி எஸ்ரனின் ஆண்வழி, ஜெபர்சன் ஆண்வழியோடு பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை.

இத்தோடு நிறுத்தினால் ஒடுக்கப்பட்டோரின் வாய்மொழி என்றும் வெல்லும் என்ற இனிய முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் அதே சோதனை இன்னொரு கறுப்பினக் குடும்பத்தின் மரபைப் பொய்ப்பித்தது. தோமஸ் வூட்சன் என்பவர் சாலியின் மூத்த மகன் என்று அவர் வழிவந்தோர் தலைமுறைகளாக நம்பினர், மரபணு பொருந்தவில்லை. மடிசனின் கூற்றை நாம் ஏற்பது அவர் ஒடுக்கப்பட்டவர் என்பதனால் அன்று. அகச்சான்றில் முரணின்மையும், எதிர்த்தரப்பின் பேரேடே அறியாமல் அதற்குச் சாட்சி கூறியமையும் நம்மை ஏற்கச் செய்கின்றன. குறியீட்டு உண்மை போதும் என்போர் மடிசனுக்கும் வூட்சன் குடும்பத்தாருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அழித்துவிடுகின்றனர்; அதனால் மடிசனின் சாட்சியத்துக்குரிய மதிப்பையே குறைத்துவிடுகின்றனர்.

இனி 'வேர்கள்' நூலை இலக்கியமாக நோக்குவோம். குன்டா கின்டே ஹேலிக்கு ஆறு தலைமுறை மேலுள்ளவன். ஆறு தலைமுறை மேலே ஒவ்வொருவருக்கும் 64 மூதாதையர் உளர். அறுபத்துநால்வருள் ஒருவனே ஏன் வேராகிறான்? கிசியை வன்முறைக்கு உட்படுத்திய எசமானன் ரொம் லீ, ஜோர்ஜின் தந்தை என்று நூலே கூறுகின்றது. குருதிக் கணக்கின்படி அவனும் ஹேலியின் மூதாதை. ஆயின் அவன் வேராவதில்லை. உணர்வு நியாயம் புரிகிறது. ஆனால் வமிசம் என்பது இயற்கை தரும் பொருளன்று, தெரிந்தெடுக்கப்படும் ஒன்று என்பதையே இது காட்டுகிறது. ஹேலி தெரிந்தெடுத்தது சுதந்திரனாய்ப் பிறந்த, நற்குடி ஆண்மகனை. நூலின் பெரும்பகுதி அவனுக்கே. கதையைக் காத்துத் தந்தவர்களோ முன்விறாந்தைப் பெண்கள். அவர்கள் இறுதியிற் சாட்சிகளாக மட்டுமே எஞ்சுகின்றனர்.

ஜுபூரே பற்றிய சித்திரிப்பும் இந்நோக்கிலேயே அமைகின்றது. அக்கிராமம் பிரித்தானியரின் ஜேம்ஸ் தீவுக் கோட்டைக்கு அண்மையிலிருந்த வணிகத் தலம். வெள்ளையனைக் காணாத ஒதுக்குப்புறக் கிராமமாக அது 1767இல் இருந்திருக்க இயலாது. மண்டிங்கா சமுதாயத்திலும் அடிமைகள் இருந்தனர், பிடித்துக் கொடுத்த உள்ளூர்க் கையாட்களும் இருந்தனர் என்பதை ஹேலி முற்றாக மறைக்கவில்லை. எனினும் அவை அந்த ஏதேன் தோட்டத்தின் ஓரத்து நிழல்களாகவே நிற்கின்றன. ஐரோப்பிய வணிக மூலதனம் ஆபிரிக்க ஆற்றங்கரையின் உற்பத்தியுறவுகளை எவ்வாறு குலைத்தது என்பது காவியத் தொடக்கத்துக்கு இடையூறாகையால் கதைக்குள் வரவில்லை. நூலின் மறு முனையில் நிற்பவர்கள் பேராசிரியரான தந்தை, வழக்கறிஞரும் கட்டடக் கலைஞருமான சகோதரர்கள், எழுத்தாளராகிய ஹேலி. நற்குடியிற் பிறந்து, வீழ்த்தப்பட்டு, உழைப்பால் மீண்டும் எழுந்த 'ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் காவியம்' என்ற துணைத் தலைப்பு தற்செயலானதன்று. இருநூறாவது ஆண்டு விழா கொண்டாடிய நாடு இக்கதையை வரவேற்றதில் வியப்பில்லை. உள்நாட்டுப் போரில் அடிமைகள் பண்ணைகளை விட்டு வெளியேறியதை ஒரு பொது வேலைநிறுத்தமாகக் கண்டு டூ போய்ஸ் 1935இல் எழுதிய நூலுக்கு அத்தகைய விழா எதுவும் எடுக்கப்படவில்லை.

'வேர்கள்' வெளிவந்த அதே 1976இல் ஹேர்பேர்ட் கற்மன் என்ற தொழிலாளர் வரலாற்றாசிரியரின் கறுப்பினக் குடும்பம் பற்றிய நூலும் வந்தது. அடிமை முறை கறுப்பினக் குடும்பத்தைச் சிதைத்தது, இன்றைய வறுமைக்கு அச்சிதைவே காரணம் என்று கூறிய 1965ஆம் ஆண்டின் மொய்னிகன் அறிக்கைக்கு மறுப்பாக அது எழுந்தது. கற்மனும் எசமானரின் பேரேடுகளையே கையாண்டார். தென் கரோலைனாவின் குட் ஹோப் பண்ணைப் பிறப்பேட்டை வாசித்த அவர், அதில் ஒரு நாயகனைத் தேடவில்லை. பெயர்கள் மீள மீள வரும் ஒழுங்கைத் தேடினார். பிள்ளைகளுக்குத் தந்தையரின் பெயரும் பாட்டன் பாட்டியரின் பெயரும் மாமன்மாரின் பெயரும் இடப்பட்டிருந்தன. எசமானர் குடும்பங்களில் ஒன்றுவிட்ட சகோதரர் திருமணம் வழக்கமாயிருக்க, அடிமைகள் அத்தகைய மணத்தைத் தவிர்த்தனர். விற்கப்படவும் பிரிக்கப்படவும் கூடிய மக்கள், தமது உறவை எசமானின் ஏட்டுக்குள்ளேயே, எசமான் அறியாதவாறு எழுதிவைத்தனர். பேரன் என்ற சொல்லிலேயே பெயரைக் கொண்டுள்ள நமக்கு இதன் பொருள் விளங்குதல் எளிது. கற்மனின் நூலில் ஜுபூரே இல்லை, கண்ணீர் வரவழைக்கும் சந்திப்பு இல்லை. அது தொலைக்காட்சிக்கும் வரவில்லை. ஆயினும் மூதாதையரின் வாழ்வை அறிய விரும்புவோருக்கு ஹேலி தருவதிலும் அதிகமானதை அது தருகின்றது என்பதே நமது மதிப்பீடு.

இம்மதிப்பீடு நமக்கு வெறும் அயல்நாட்டு இலக்கிய விவகாரமன்று. 2023ஆம் ஆண்டு மலையக மக்கள் தம் இலங்கை வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் இடம்பெற்றது. அந்நினைவுகூரலை ஒட்டிக் குடும்ப வரலாறுகளை எழுதும் ஆர்வம் இளந்தலைமுறையினரிடம் தோன்றியுள்ளமை வரவேற்கத்தக்கது. தோட்டத் தொழிலாளர் அமெரிக்க அடிமைகளைப் போல விற்கப்பட்டவரல்லர். இரு முறைகளையும் ஒன்றாக்குவது வரலாற்றைக் குழப்பும். ஆனால் இரண்டிலும் உழைப்போரின் பெயர் உழைப்பைக் கொண்டோரின் ஏட்டிலேயே எஞ்சியுள்ளது. கங்காணியின் கடனைத் தீர்த்தமைக்குச் சான்றாகத் தொழிலாளி காவிச்சென்ற 'துண்டு' 1921இல் ஒழிக்கப்படும் வரை அவரது நகர்வைக் கட்டுப்படுத்தியது. அத்துண்டைத் தேடுவோருக்கு அது தருவது முதலிற் கடனையே. பிரட்டுக் களத்திற் பெயர் பதிந்த செக்றோலில் 'பேர்' என்பது ஆளின் பெயரன்று, ஒரு நாட் கூலி. 'அரைப் பேர்' என்றால் அரை நாட் சம்பளம். பெயர் என்ற சொல்லையே கூலிக் கணக்கு விழுங்கிய ஏட்டிலிருந்து மூதாதையரை மீட்பது எளிய பணியன்று.

இங்கும் ஹேலியின் கவர்ச்சி காத்திருக்கிறது. ஊரிலே பெருங்குடியாய் இருந்தோம், வஞ்சகத்தாற் கொண்டுவரப்பட்டோம் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. அவற்றுட் சில உண்மையாகவும் இருத்தல் கூடும். ஆனால் பெருங்குடி என்பது பெரும்பாலும் சாதிப் பெயராகவே கூறப்படுகிறது. பஞ்சமும் நிலமின்மையும் சாதியொடுக்குமுறையும் துரத்திய பெரும்பான்மையோரின் வரலாறு அக்கதைக்குள் இடம்பெறாது. முற்போக்காளர் அதனைக் குறியீட்டு உண்மை என்று பாராட்டத் தொடங்கினால், மலையகத்தில் சாதியின் கதை இன்னொருமுறை மறைக்கப்படும்.

குறியீட்டு உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதுமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசவழிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்பதை வேண்டிநின்றது. பிறப்புச் சான்றிதழ் அற்ற தொழிலாளரிடம் அரசு மூதாதையரைக் காட்டும்படி கேட்டது. காட்டக் கூடிய ஏடுகள் இருந்த இடம் தோட்டத்துரையின் கந்தோர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டபோது, மூதாதையர் பற்றிய வினா எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியோரின் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை இழுபட்டது.

வேர்ஜினியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையை உடைமையாக்க வேண்டித் தாய்வழியைப் பார்த்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையை வழங்குவதற்குத் தந்தைவழியை மட்டும் பார்த்தது. தாய் இங்கு பிறந்தவள் என்பது அச்சட்டத்தின்படி போதிய சான்றாகவில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை கடத்தப்படலாம் என்ற திருத்தம் 2003இலேயே வந்தது. ஹெனிங்கின் முன்விறாந்தையிற் போலவே லயத்துக் காம்பராக்களிலும் யார் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தார், எந்தப் பிள்ளை எந்த ஆண்டின் மழையிற் பிறந்தது என்பவற்றைக் காத்துவைத்திருப்போர் பெரும்பாலும் பாட்டிமாரே. அவர்களின் கூற்றுக்களைத் தோட்டப் பிறப்புப் பதிவுகளோடும் செக்றோல்களோடும் ஒப்புநோக்கி, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, முரண்படும் இடத்தில் எந்த ஏடு யாருக்காக எழுதப்பட்டது என்று குறித்துச் செல்லும் ஆய்வுகள் தோட்டம் தோட்டமாகச் செய்யப்படுதல் வேண்டும். நிருவாகங்கள் கைமாறியபோது கைவிடப்பட்ட பழைய ஏடுகள் பல கந்தோர்களிற் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. பாட்டிமாரும் நீண்டகாலம் காத்திருக்கப் போவதில்லை.